மணல் தூவிப் புல் வளர்த்தவர்

கோல்ப் ஆட்டத்தைப் பலர் நேரில் பார்த்திருக்கமாட்டார்கள். படத்தில் பார்த்திருப்பார்கள். நீண்ட தடியால் சிறு பந்தை அடிக்கிறார்கள். எங்கோ தூரத்தில் உள்ள குழியில் அது போய் விழவேண்டும். குறைந்த அடியில் யார் விழவைக்கிறாரோ, அவருக்கு வெற்றி.

பந்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது உருண்டு ஓடும் புல்லை யார் பார்க்கிறார்கள்?

கிரிக்கெட் ஆகட்டும், கால்பந்து ஆகட்டும், கோல்ப் ஆகட்டும், ஆட்டம் நடப்பது புல்லின் மேல்தான். மாடு மேயும் புல் வேறு. மனிதர் மிதிக்கும் புல் வேறு. நாள் முழுவதும் அதன்மேல் பூட்ஸ் கால்கள் நடக்கின்றன. இரும்புத் தடிகள் அதைக் கொத்தி எடுக்கின்றன. அத்தனையும் தாங்கி, மறுநாள் காலையில் அது பச்சைப் பசேல் என்று நிற்கவேண்டும். எளிய காரியமா?

அந்தக் காரியத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒரே திடலைக் காத்தவர் டாம் மாரிஸ். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். நான்கு முறை கோல்ப் சாம்பியன் ஆனவர். ஆனால் சாம்பியன் பட்டத்தை விட, அவர் கையில் இருந்த மண்வெட்டிதான் உலகத்துக்கு அதிக நன்மை செய்தது.

நெசவாளி மகன்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர். சிறிய ஊர்தான். அங்கே 1821-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந்தேதி டாம் மாரிஸ் பிறந்தார். தகப்பனார் ஜான் மாரிஸ் கைத்தறி நெசவாளி. தபால் கடிதங்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வசதி இல்லாத குடும்பம்.

இந்த ஊருக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னை எழும்பூரில் அனாதைப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். சிறுவர்கள் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் இங்கேதான் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். ஊர் திரும்பிய பிறகு, தன் செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதிவைத்தார். அதனால் அந்த ஊரில் 1833-ல் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதன் பெயர் இன்றும் மெட்ராஸ் காலேஜ்.

ஊரை ஒட்டினாற்போல் கடல். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக மணல் பூமி. உழவுக்கு உதவாது. ஆனால் புல் நன்றாக முளைக்கும். ஆடு மேய்ப்பவர்களும், துணி உலர்த்துபவர்களும், கோல்ப் ஆடுபவர்களும் அங்கேதான் வருவார்கள். அது ஊர்ப் பொது நிலம்.

அந்த நிலத்துக்கு ஒரு ஆபத்து வந்தது. நகரசபை கடனில் மூழ்கியது. 1797-ல் நிலத்தை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் அங்கே முயல் வளர்த்தார்கள்! முயல்கள் நிலமெங்கும் வளை தோண்டின. ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் பல ஆண்டுகள் சண்டையும் வழக்கும் நடந்தன. கடைசியில் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை விலைக்கு வாங்கிச் சண்டையைத் தீர்த்தார். அந்த ஆண்டு 1821. அதாவது, டாம் மாரிஸ் பிறந்த அதே ஆண்டு!

இறகுப் பந்து

டாம் சிறுவனாக இருக்கும்போதே ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஆலன், அந்தக் காலத்தில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். பந்து செய்து விற்பது அவருடைய தொழில்.

அப்போது பந்து எப்படிச் செய்தார்கள் தெரியுமா? வாத்து இறகை வேகவைப்பார்கள். ஒரு உயரத் தொப்பி நிறைய இறகை, சிறிய தோல் பைக்குள் குத்தித் திணிப்பார்கள். பிறகு தைத்து மூடுவார்கள். காய்ந்ததும் கல்போல் இறுகிவிடும். கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் மூன்று, நான்கு பந்துகள்தான் செய்யமுடியும். ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தால் பந்து பாழ். பணக்காரர்தான் விடாமல் ஆடமுடியும்.

1848 வாக்கில் புதுப் பந்து வந்தது. மலாய் நாட்டுக் காடுகளில் உள்ள ஒரு மரத்தின் பாலை இறுகவைத்து உருட்டிய பந்து. அந்தப் பாலுக்கு கட்டாபெர்ச்சா என்று பெயர். விலை மலிவு. நனைந்தாலும் கெடாது. ஆலனுக்குக் கோபம் வந்தது. தன் பிழைப்பில் மண் விழும் என்று பயந்தார். தன்னிடம் வேலை செய்பவர்கள் அந்தப் பந்தைத் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்.

ஒரு நாள் டாம் ஆடிக்கொண்டிருந்தார். கையில் இருந்த இறகுப் பந்துகள் தீர்ந்துபோயின. உடன் ஆடியவர் ஒரு புதுப் பந்தைக் கொடுத்தார். டாம் அதை அடித்தார். எதிரே வந்த ஆலனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. டாம் வேலையை விட்டு வெளியேறினார். பின்னால் இருவரும் சமாதானம் ஆகி, சேர்ந்து ஆடினார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த மலிவுப் பந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாமின் வேலைக்கு உலை வைத்த அதே பந்துதான், பிறகு அவருக்குப் பெரிய வேலையையும் வைத்தது.

கவிழ்ந்த வண்டி

1851-ம் ஆண்டு. கர்னல் பேர்லி என்ற பிரபு, டாமை மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட்விக் என்ற ஊருக்கு அழைத்தார். அங்கே புதிய திடல் அமைக்கவேண்டும். டாம் தன் மனைவி நான்சியையும், கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனார். முதல் குழந்தை நான்கு வயதில் இறந்துபோன துக்கம் ஆறாத நேரம் அது. அந்தப் பிள்ளைக்கும் டாம் என்றே பெயர். பிறகு பிறந்த கைக்குழந்தைக்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள்.

மணல்மேடுகளுக்கு நடுவே 12 குழிகள் கொண்ட திடலை மாரிஸ் அமைத்தார். அங்கேதான் 1860-ல் முதல் ஓப்பன் சாம்பியன் போட்டி நடந்தது. ஆடியவர்கள் எட்டே பேர். மாரிஸ் இரண்டே அடி வித்தியாசத்தில் தோற்று, இரண்டாவதாக வந்தார். 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவரே சாம்பியன். 1867-ல் அவருக்கு வயது 46. அந்தப் போட்டியில் அவ்வளவு வயதில் வென்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

புல்லின் ரகசியம் அவருக்குப் பிடிபட்டதும் பிரெஸ்ட்விக்கில்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். குழியைச் சுற்றிலும் வழுவழுப்பான புல்தரை உண்டு. அதற்கு கிரீன் என்று பெயர். ஒரு நாள் மாரிஸ் மணல் நிரம்பிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வண்டி கிரீன் மேல் கவிழ்ந்தது. மணல் கொட்டிவிட்டது. அள்ளியது போக, மீதி அங்கேயே தங்கிவிட்டது. சில நாள் கழித்துப் பார்த்தார். மணல் விழுந்த இடத்தில் மட்டும் புல் அடர்ந்து செழித்திருந்தது!

கதை உண்மையோ, அலங்காரமோ. மாரிஸ் அதற்குப் பிறகு மணலை விடவே இல்லை. கிரீன் மெலிந்தால் மணல். மேடு பள்ளமானால் மணல். தன் ஆட்களை அவர் ஓயாமல் ஏவியது, இன்னும் மணல் கொண்டுவரச் சொல்லித்தான்.

மணலில் என்ன சத்து இருக்கிறது? ஒன்றும் இல்லை. பிறகு எப்படிப் புல் செழித்தது?

மிதிபடும் புல்லின் அடியில் காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்து, பஞ்சு மெத்தை போல் ஒரு அடுக்கு உண்டாகும். மழை பெய்தால் அது நீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். வேர் கீழே இறங்காது, மேலேயே சோம்பிக் கிடக்கும். வெயில் வந்தால் வாடும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய மணலை அடிக்கடி தூவினால், அது அந்த மெத்தைக்குள் இறங்கிக் கலக்கும். தண்ணீர் வடியும். காற்று புகும். வேர் ஆழத்துக்குப் போகும். பள்ளங்களும் நிரவிவிடும். ஒரே நாளில் குவித்தால் புல் மூச்சு முட்டிச் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். அதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

அந்தக் கடற்கரையில் முளைப்பவை பெஸ்கியூ, பென்ட் என்ற நுண்ணிய புல் வகைகள். அவை மணலிலேயே பிறந்து வளர்ந்தவை. அதிக உரம் கேட்காது. உரத்தைக் கொட்டினால், வேறு முரட்டுப் புல் வந்து இவற்றை விரட்டிவிடும்.

நம்மைப் போன்ற வெயில் நாடுகளுக்கு இந்தக் குளிர்நாட்டுப் புற்கள் சரிப்படாது. அங்கெல்லாம் கைகொடுப்பது அருகம்புல்தான். ஆம், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகு! மண்ணுக்கு மேலும் கீழும் கொடி ஓடிப் பரவுவதால், மிதித்தாலும் மீண்டும் துளிர்க்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற ஊரில், விஞ்ஞானி கிளென் பர்ட்டன் அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து புது ரகங்களை உண்டாக்கினார். 1956-ல் டிப்கிரீன், 1960-ல் டிப்வே வெளிவந்தன. இவை விதை தராது. கொடியை நறுக்கித்தான் நடவேண்டும். எத்தனை புது ரகம் வந்தால் என்ன? அவற்றின் மேலும் மணல்தான் தூவுகிறார்கள்.

மண்வெட்டியும் கைவண்டியும்

1864-ல் சொந்த ஊரில் இருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள ராயல் அண்டு ஏன்சியன்ட் கோல்ப் சங்கம், திடலைப் பராமரிக்க மாரிசை நியமித்தது. சம்பளம் ஆண்டுக்கு 50 பவுன். திடல் செலவுக்கு 20 பவுன். வேலையை ஒப்படைக்கும்போது ஒரு கைவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி, இந்த மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாரமான வேலைக்கு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு கூலி ஆளை வைத்துக்கொள்ள அனுமதி. அவ்வளவுதான்!

திடலோ பரிதாபமாக இருந்தது. காரணம், அந்த மலிவுப் பந்து. பந்து மலிந்ததும் சாதாரண மக்களும் ஆடவந்தார்கள். 1852-ல் ஊருக்கு ரெயில் வந்தது. வெளியூர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. புதுப் பந்து கெட்டியானது. அதனால் இரும்புத் தடியை அதிகம் பயன்படுத்தினார்கள். அது புல்லை வேரோடு பெயர்த்தது. ஆடு மேய்ந்து, முயல் கடித்துப் பழகிய பழைய புல்தரை, இந்தப் படையெடுப்பைத் தாங்குமா?

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் ஒரு குழியில் பந்து விழுந்ததும், அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார்கள். பந்தை உயர்த்தி வைக்க ஒரு பிடி மணல் வேண்டும். எங்கே எடுப்பது? குழிக்குள்ளேயே கைவிட்டு எடுப்பார்கள்! பொழுது போகப்போக, குழி கிணறு போல் ஆழமாகும். விளிம்பு இடிந்துவிடும். சுற்றியுள்ள மென்மையான புல் நாசமாகும்.

மாரிஸ் இதை மாற்றினார். தொடங்கி அடிப்பதற்குத் தள்ளித் தனி இடம் ஒதுக்கினார். குழிக்குள் இரும்பு வளையம் பதித்தார். விளிம்பு இடிவது நின்றது. திடலை நெருக்கிய முட்புதர்களை வெட்டி, பாதையை அகலப்படுத்தினார். பாதை அகன்றதும், எல்லோரும் ஒரே தடத்தில் மிதிப்பது குறைந்தது. கடைசிக் குழிக்கும், முதல் குழிக்கும் புதிய கிரீன்களை அமைத்தார்.

முதல் குழிக்குத் தனி கிரீன் வந்ததில் இன்னொரு லாபம். திடலை எதிர்த்திசையிலும் சுற்றிவர முடிந்தது. ஒரு வாரம் ஒரு திசையில் ஆட்டம். மறுவாரம் எதிர்த்திசையில் ஆட்டம். ஒரு வாரம் கொத்துப்பட்ட இடத்துக்கு மறுவாரம் ஓய்வு. காயம் ஆற நேரம் கிடைத்தது.

புல் வெட்டும் எந்திரமும் அவர் காலத்தில்தான் கிரீன்களுக்கு வந்தது. அந்த எந்திரத்தின் பிறப்பே சுவையானது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் இருந்தார். கம்பளித் துணி ஆலையில், துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சீவும் உருளைக் கத்தி அவர் கண்ணில் பட்டது. துணியைச் சீவுவதுபோல் புல்லைச் சீவினால் என்ன என்று யோசித்தார். 1830-ல் உரிமை பெற்றார். அதுவரை அரிவாளும் ஆட்டுமந்தையும் செய்த வேலையை அந்த எந்திரம் செய்தது. சிறிது சிறிதாக, அடிக்கடி வெட்டினால் புல் பக்கவாட்டில் படர்ந்து அடர்த்தியாகும். ஒரேயடியாக மொட்டை அடித்தால் வேர் இளைக்கும்.

டேவிட் ஹனிமன் என்ற உதவியாளர் பல ஆண்டுகள் மாரிசுக்கு வலக்கையாக இருந்தார். இருவரும் வண்டி வண்டியாக மணல் அள்ளிப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு

மாரிஸ் தெய்வபக்தி உள்ளவர். தேவாலயத்தில் மூப்பர் பொறுப்பும் வகித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. மனிதருக்கு ஓய்வு வேண்டாமானாலும், புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. எவ்வளவு பெரிய பிரபு வந்தாலும் இதே பதில்தான்.

பக்தியும் பராமரிப்பும் இப்படி ஒன்றுசேர்ந்தன. இன்றும் பெரிய போட்டி நாட்களைத் தவிர, ஞாயிறுதோறும் அந்தப் பழைய திடலில் ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அங்கே உலாவுகிறார்கள்.

தந்தி

பிரெஸ்ட்விக்குக் கைக்குழந்தையாகப் போன மகன், தகப்பனையே மிஞ்சும் ஆட்டக்காரன் ஆனான். ஊரார் தகப்பனைப் பெரிய டாம் என்றும், மகனைச் சின்ன டாம் என்றும் அழைத்தார்கள். 1867-ல் தகப்பன் சாம்பியன். 1868-ல் மகன் சாம்பியன். அப்போது மகனுக்கு வயது 17. அந்தப் போட்டியில் மிக முதிய வயதில் வென்றவர் தகப்பன், மிக இளவயதில் வென்றவர் மகன் என்ற பெருமை இன்றும் அந்தக் குடும்பத்துக்கே இருக்கிறது. 1869, 1870, 1872 ஆகிய ஆண்டுகளிலும் மகனே வென்றான்.

1875 செப்டம்பர். தகப்பனும் மகனும் நார்த் பெரிக் என்ற ஊரில் ஒரு பந்தய ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். சின்ன டாமின் மனைவி மார்கரெட் நிறைமாத கர்ப்பிணி. ஆட்டம் முடியும் வேளையில் தந்தி வந்தது. பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வரவும் என்று செய்தி.

ரெயிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அன்பர் ஒருவர் தன் பாய்மரப் படகைக் கொடுத்தார். இரவில் கடற்கழியைக் கடந்து ஊர் சேர்ந்தார்கள். தாயும் இறந்துவிட்டாள், பிள்ளையும் இறந்துவிட்டது.

சின்ன டாம் அதிலிருந்து மீளவே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி, கிறிஸ்துமஸ் காலையில் படுக்கையில் இறந்துகிடந்தான். வயது 24. மறு ஆண்டு மாரிசின் மனைவி நான்சியும் காலமானார்.

மாரிஸ் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. காலையில் கடலில் குளிப்பார். பிறகு திடலுக்குப் போவார். புதிதாக கோல்ப் சங்கம் தொடங்கும் ஊர்கள் எல்லாம் அவரை அழைத்தன. ஒரு நாளுக்கு ஒரு பவுன் கூலி, வழிச்செலவு தனி. அவ்வளவுதான் வாங்குவார். டோர்னாக், முயர்பீல்டு, அயர்லாந்தில் உள்ள லஹிஞ்ச் என்று அவர் அமைத்தும் திருத்தியும் கொடுத்த திடல்கள் பல. 1894-ல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரசபை, தான் விற்ற மணல் பூமியை மீண்டும் விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு அங்கே இன்னொரு திடல் திறக்கப்பட்டது. அதுவும் மாரிசின் கைவேலை.

கடைசி நாட்கள்

1903-ல், 82 வயதில் வேலையில் இருந்து விலகினார். சங்கம் அவருக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை. கடைசிவரை கொடுத்தது. கடைசி கிரீனை ஒட்டினாற்போல் அவருடைய கடை. அங்கே இருந்தபடியே திடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளைகள் அனைவரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1908 மே 24-ந்தேதி. ஊரில் உள்ள ஒரு கோல்ப் கிளப்பில், படிக்கட்டில் தவறி விழுந்தார். அதிலேயே உயிர் பிரிந்தது. 87-வது பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. பழைய பேராலயத்தின் வளாகத்தில், மகன் சின்ன டாமின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் அமைத்த கடைசிக் குழிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1891-ல் மாரிஸ் தெற்கு யூயிஸ்ட் என்ற தொலைதூரத் தீவுக்குப் போய், அஸ்கர்னிஷ் என்ற இடத்தில் ஒரு திடல் அமைத்தார். காலப்போக்கில் அது கவனிப்பார் இல்லாமல் மணல்மேட்டோடு கலந்து மறைந்துபோனது. 2005-ல் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ரசாயன மருந்து எதுவும் போடாமல், இருந்த புல்லையே சீர்படுத்தி, 2008-ல் மீண்டும் திறந்தார்கள். கோடையில் அங்கே கோல்ப் ஆடுகிறார்கள். குளிர்காலம் வந்தால், தீவின் ஆடு மாடுகள் வந்து புல்லை மேய்ந்துவிட்டுப் போகின்றன.